விபத்து இழப்பீடு: இத்தா முடியட்டும் என்று காத்திருக்கலாமா?



சாலை விபத்தில் ஒருவர் மரணித்தால் நம் குடும்பங்களில் பெரும்பாலும் கேட்கும் சொற்கள் இவை: "போன உயிர் திரும்பவா போகுது? மய்யித்துக்கு விலை பேசுறதா? முதல்ல இத்தா முடியட்டும், பிறகு பார்க்கலாம்." கத்ரின் மீதான ஈமானும் துக்கத்தின் கண்ணியமும் இந்தச் சொற்களில் இருக்கின்றன. ஆனால் இவற்றால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அந்த வீட்டின் விதவையும் யதீம்களும்தான். எனவே மார்க்கமும் நாட்டுச் சட்டமும் இதில் என்ன சொல்கின்றன என்பதை நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

இழப்பீடு வாங்குவது கூடுமா?

தவறுதலாக ஒருவரின் உயிரைப் போக்கியவர் அவரது குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பதை சூரா அன்னிஸாவின் 92ஆம் வசனம் கட்டளையாகவே சொல்கிறது. ஃபிக்ஹ் நூல்கள் இதை 'தியத்' என்று தனிப் பாடமாகவே விளக்குகின்றன. ஆகவே இழப்பீடு கோருவது கத்ரை மறுப்பதாகாது. மரணம் அல்லாஹ்வின் நாட்டம். கவனமின்றி வண்டி ஓட்டியது மனிதனின் செயல். அதற்கு அவன் பொறுப்பேற்க வேண்டும்.

குடும்பத்தார் விரும்பினால் மன்னித்து விட்டுக் கொடுக்கலாம் என்றும் அதே வசனம் சொல்கிறது. இங்கே ஒரு முக்கியமான மஸ்அலா இருக்கிறது. பருவமடைந்த வாரிசு தன் பங்கை விட்டுக் கொடுக்கலாம். ஆனால் சிறுபிள்ளைகளின் பங்கை விட்டுக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. "பேசி முடிச்சுக்கலாம்" என்று காவல் நிலைய வாசலில் சிறு தொகை வாங்கிக்கொண்டு பெரியப்பாவோ மாமாவோ போடும் கையெழுத்து, யதீமின் சொத்தில் கை வைப்பதாகவே ஆகும்.

"இன்சூரன்ஸ் பணமாயிற்றே" என்று தயங்குபவர்களும் உண்டு. இது நாம் பாலிசி எடுத்து வாங்கும் பணம் அல்ல. தவறு செய்தவர் தர வேண்டிய நஷ்டஈட்டை, அவரது வண்டிக்குச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீட்டின் மூலம் நிறுவனம் செலுத்துகிறது. நம் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்பது இங்கே கேள்வியே அல்ல.

இத்தாவும் ஆறு மாதக் கெடுவும்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. கணவனை இழந்த பெண்ணின் இத்தா நான்கு மாதம் பத்து நாட்கள். அது முடிந்த பிறகு வக்கீலைத் தேடினால் கையில் மிஞ்சுவது சுமார் 50 நாட்கள்தான். கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை இத்தா நீளும். கெடுவே தாண்டிப் போகலாம்.

இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன. தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனால் அது இறுதித் தீர்ப்பல்ல. அதை நம்பி நாட்களைக் கடத்துவது புத்திசாலித்தனமாகாது.

இதற்காக இத்தாவை முறிக்க வேண்டியதில்லை. வக்காலத்திலும் மனுவிலும் கையெழுத்து வாங்க வக்கீலை வீட்டுக்கே வரச் சொல்லலாம். மஹ்ரமான ஆண்கள் மற்ற ஆவணங்களைத் திரட்டலாம். அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் கட்டம் பெரும்பாலும் பிறகே வரும். வெளியே போயே ஆக வேண்டிய நிர்ப்பந்தம் வந்தால், பகலில் தேவையின் அளவுக்குச் சென்று திரும்ப ஃபுகஹாக்கள் அனுமதி அளித்திருக்கிறார்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாட்கள்

வழக்கின் பலம் முதல் இரண்டு நாட்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

1. மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள். போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து "வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, பின்னாளில் நமக்கு எதிரான சாட்சியாக நிற்கும். எந்த வண்டி மோதியது என்பது அதில் வர வேண்டும்.

2. எஃப்.ஐ.ஆர். பதிவாவதை உறுதி செய்யுங்கள். அதன் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது புகார்தாரரின் உரிமை. வண்டி எண், விபத்து நடந்த இடத்தின் படங்கள், நேரில் பார்த்தவர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றைச் சேகரியுங்கள்.

3. பிரேதப் பரிசோதனையைத் தடுக்காதீர்கள். ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது என்ற உணர்வு சரியானதே. ஆனால் விபத்தினால்தான் மரணம் என்பதற்கு அந்த அறிக்கையே அடிப்படை ஆதாரம். வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்ய மத்திய அரசு 2021 நவம்பரில் அனுமதித்திருக்கிறது. ஜமாஅத் பொறுப்பாளர்கள் அதை எடுத்துச் சொல்லி விரைவுபடுத்தக் கேட்கலாம்.

காயமடைந்தவர் உயிரோடு இருந்தால் சிகிச்சையே முதல் வேலை. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுத் திட்டம் ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கு இடமளிக்கிறது.

மனு எங்கே, யார் மூலம்?

மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். எம்.சி.ஓ.பி. என்று சொல்வது இதைத்தான். விபத்து நடந்த இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. உளுந்தூர்பேட்டை அருகே விபத்து நடந்திருந்தாலும், காயல்பட்டினத்தில் வசிக்கும் குடும்பம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே மனு போடலாம்.

மனைவி, பிள்ளைகள், பெற்றோர் அனைவரையும் மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். வயதான தாயின் பெயரை விட்டுவிட்டு மனுப் போடுவது அநீதி.

வக்கீல் விஷயத்தில் கவனம் தேவை. "வருவதில் இத்தனை சதவீதம்" என்று பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே அங்கு இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

எவ்வளவு கிடைக்கும்?

இதற்கு உச்ச நீதிமன்றம் சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் வகுத்த கணக்கு இருக்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். கடை வைத்திருந்த 34 வயதுக்காரர் மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்தார். மனைவி, இரு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பி இருந்தனர்.

சுயதொழில் செய்பவர், 40 வயதுக்குக் கீழ். எனவே எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்த்தால் 28,000. அவரது சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கல் எண் 16. மொத்தம் 40,32,000 ரூபாய். துணையை இழந்தது, அடக்கச் செலவு ஆகியவற்றுக்கான தொகைகள் தனி. வாசலில் பேசி முடிக்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கு வருமானத்தின் மீது நிற்கிறது. வங்கி பாஸ்புக், வருமான வரிக் கணக்கு, கடை உரிமம், வளைகுடாவில் வேலை பார்த்தவரென்றால் வேலை ஒப்பந்தம், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இல்லாத வருமானத்தை இருப்பதாக எழுதுவதோ, பொய்ச் சாட்சி சொல்வதோ ஹராம். அது வழக்கையும் கெடுக்கும். தலைக்கவசம் அணியாதது போன்ற நம் தரப்புக் குறை இருந்தால் தொகை குறையலாம். அதற்காக உரிமை அழிந்துவிடாது.

யார் மீது தவறு என்று நிரூபிக்க முடியாத நிலையில் 164ஆம் பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கோரலாம். மோதிய வண்டி நிற்காமல் போய், அடையாளமும் தெரியவில்லையென்றால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. இதற்கான உத்தரவை வருவாய்த் துறையின் விசாரணைக்குப் பின் மாவட்ட நிர்வாகம் வழங்குகிறது.

பணம் வந்த பிறகு

யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்ப்பாயமே பிரித்துச் சொல்லும். சிறுவர்களின் பங்கு பெரும்பாலும் அவர்கள் மேஜராகும் வரை வங்கியில் வைக்கப்படும். தீர்ப்புத் தொகையுடன் சேரும் வட்டியைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஆனால் அந்தத் தயக்கத்தால் மனுவையே போடாமல் விடுவது முறையல்ல.

மஹல்லா ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். கப்ரு தோண்டவும், மூன்று நாள் சாப்பாட்டுக்கும் நாம் ஓடி ஓடி உதவுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். அதோடு, விபத்து மரணம் நடந்த வீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆறு மாதக் கெடு ஆகிய மூன்றையும் நினைவூட்ட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். யதீமின் உரிமையைப் பேணுவதில் இதுவும் அடங்கும்.

அல்லாஹ் நம் அனைவரையும் திடீர் ஆபத்துகளிலிருந்து பாதுகாப்பானாக. ஆமீன்.