பாங்க் ஐடி எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

ஸ்ட்ரோம்மனில் சிறிய கம்பனி நடத்தும் ஒருவர், ஜூலை 31க்கு முன் ஆண்டுக் கணக்கறிக்கையை அனுப்ப அல்தின் தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்தின் அவரை நேரே உள்ளே விடுவதில்லை. ஐடி-போர்தன் என்ற அரசாங்க வாசலுக்கு அனுப்புகிறது. அங்கே அவர் பாங்க் ஐடியைத் தெரிவு செய்கிறார். கைத்தொலைபேசியில் உறுதிப்படுத்தியதும் வந்த வழியே திரும்பி அல்தினுக்குள் நிற்கிறார். அரை நிமிட வேலைதான். ஆனால் அதற்குள் மூன்று இடங்களுக்கிடையே ஒரு கடிதம் கைமாறிவிடுகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எம்மவர்களில் பலர் கேட்பதில்லை.

ஊரில் கிராம சேவையாளரிடம் கடிதம் வாங்கியதை நினைத்துப் பார்த்தால் விளங்கும். இவர் இந்த முகவரியில் வசிப்பவர் என்று அவர் எழுதுவார். பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவார். கடிதத்தை வாங்கும் அலுவலகம் எங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை, முத்திரையை நம்புகிறது. கடிதத்தில் இல்லாத எதுவும் அதற்குத் தெரியாது.

இங்கும் அதே ஏற்பாடுதான். கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் கணினித் துறையில் ‘கிளெய்ம்’ என்பார்கள்; நாங்கள் கூற்று என்று சொல்லலாம். கூற்றுகளை ஒன்றாகக் கட்டி மின்முத்திரை வைத்தால் அது ‘டோக்கன்’. எப்படிக் கட்டுவது, எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு 2014இல் வெளிவந்த ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற பொதுவிதி உண்டு. ஐடி-போர்தன் அதன்படிதான் நடக்கிறது.

ஐடி-போர்தன் அனுப்பும் கடிதம் மிகவும் சுருக்கமானது. எங்கள் 11 இலக்க அடையாள எண், எந்த வழியால் நுழைந்தோம், அந்த வழி எவ்வளவு உறுதியானது, எப்போது, எந்தச் சேவைக்காக என்பவை அதில் இருக்கும். பாங்க் ஐடி ‘உயர்’ மட்டம். மின்ஐடி அதற்கு ஒரு படி கீழே. (இந்த ‘மின்’ எங்கள் மின்சாரமல்ல, நோர்வேஜிய மொழியில் ‘என்னுடைய’ என்று பொருள்.) மின்ஐடியுடன் போனால் ஹெல்ஸநோர்கே மருத்துவத் தளம் திறக்காததற்கு இந்த ஒரு வரிதான் காரணம். ஆள் சரி, மட்டம் போதாது.

அந்தக் கடிதத்தில் பெயர் கிடையாது. பாங்க் ஐடிக்குப் பெயர் தெரியும், ஆனால் நடுவில் நிற்கும் வாசல் அதை அப்பால் கடத்துவதில்லை. பெயர் தேவைப்படும் சேவை, எண்ணை வைத்து மக்கள் பதிவேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதற்பெயராகவும் இன்னோரிடத்தில் குடும்பப் பெயராகவும் பதியப்பட்ட எங்களுக்கு இது பெரிய நிம்மதி. வங்கியில் எந்த எழுத்துக்கூட்டல் இருந்தாலும் அரச சேவைக்குள் நுழைவது தடைப்படாது.

எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக வருபவர் சிலருக்கு முதலில் கிடைப்பது டி-நம்பர். அதன் முதல் இலக்கத்தில் 4 கூட்டப்பட்டிருக்கும். பின்னர் நிரந்தரப் பிறப்பெண் வந்ததும் கூற்றில் உள்ள எண் மாறிவிடுகிறது. பழைய எண்ணை மட்டும் சேமித்து வைத்த தளத்துக்கு அவர் புது ஆள். இரண்டு எண்ணும் ஒருவருக்குரியவை என்பது மக்கள் பதிவேட்டுக்குத் தெரியும். தளம் அங்கே கேட்டால்தான் உண்டு.

சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் இணையத்தளம் செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. விப்ஸ் அல்லது கூகிள் நுழைவை ஓர் இடைச் சேவையின் ஊடாக இணைக்கிறார்கள். நுழைவு வேலை செய்யும், ஆனால் பெயர்ப் பெட்டி வெறுமையாக இருக்கும். அனேகமாகக் காரணம் இரண்டில் ஒன்று. வெளியிலிருப்பவரிடம் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம், அல்லது இடைச் சேவை வாங்கிய கூற்றை அப்பால் அனுப்பும்படி சொல்லியிருக்க மாட்டோம். இரண்டு பட்டியலிலும் எழுத வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் திறந்துவிடவும் கூடாது. தனிநபர் தரவுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, நியாயமான தேவை இருந்து, ஆளை உறுதிப்படுத்த அது இன்றியமையாததாகவும் இருந்தால்தான் பிறப்பெண்ணைக் கையாளலாம். பொங்கல் விழாவுக்குப் பெயர் பதிய அது எதற்கு?

எங்கள் தொழிலில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் வேறு. ‘இவர் இந்தக் கம்பனியின் நிர்வாகி’ என்று எந்தக் கூற்றும் சொல்வதில்லை. கடிதம் ஆளை மட்டும் அடையாளம் காட்டுகிறது. அவருக்கு என்ன உரிமை என்பதை அல்தின் தானே தீர்மானிக்கிறது. ப்ரோன்னோய்சுந்திலுள்ள நிறுவனப் பதிவேட்டில் யார் நிர்வாகி, யார் சபைத் தலைவர் என்று பார்க்கிறது. கணக்காளர் நிறுவனத்தின் பெயரும் அதே பதிவேட்டில் பதியப்பட்டிருந்தால், அதற்குரிய உரிமைகள் தானாகவே வந்துவிடும். அந்த நிறுவனம் அவற்றைத் தன் ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

இது தெரியாமல்தான், “தம்பி, கோட் வந்திருக்கு, நீங்களே அடிச்சு அனுப்பிவிடுங்கோ” என்கிறார்கள். நம்பிக்கையில் சொல்வதுதான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்த நேரத்தில் போகும் கடிதத்தைப் பாருங்கள்: அண்ணையின் எண், உயர் மட்டம், பாங்க் ஐடி. முத்திரை அசல், உள்ளே நிற்கும் ஆள் மட்டும் வேறு. கைத்தொலைபேசி யாருடைய கையில் இருந்தது என்ற வரி அதில் இல்லை. அல்தினில் பதிவாவது அண்ணை அனுப்பினார் என்றுதான். அதே பாங்க் ஐடியால் கடனுக்கும் கையொப்பமிடலாம். மனைவி, பிள்ளைக்குக்கூட அதைக் கொடுக்கக் கூடாது என்பது வங்கியுடனான உடன்படிக்கை.

வயதான பெற்றோருக்காகப் பிள்ளை நுழைவதும் இதே கதைதான். அதற்கும் நேர்வழி இருக்கிறது. தனி ஆளும் அல்தினில் இன்னொருவருக்கு உரிமை கொடுக்கலாம். பெறுபவரின் பிறப்பெண்ணையும் குடும்பப் பெயரையும் கேட்கும். இங்கேதான் பெயர் மறுபடி வந்து நிற்கும்: நாங்கள் கூப்பிடும் பெயரையோ ஊர்க் கடவுச்சீட்டில் உள்ளதையோ எழுதாமல், மக்கள் பதிவேட்டில் குடும்பப் பெயராக இருப்பதை அதே எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும். கணபதிப்பிள்ளையில் ஓர் எழுத்துப் பிசகினாலும் ஏற்காது. ஏற்றுக்கொண்டபின், மகள் தன் சொந்தப் பாங்க் ஐடியால் நுழைந்து, தகப்பனின் பெயரைத் தெரிவு செய்து வேலையைப் பார்க்கலாம். கடிதத்தில் போவது மகளின் எண். யாருக்காக என்பதை அல்தின் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. தகப்பன் விரும்பினால் மறுநாளே அந்த உரிமையை நீக்கிவிடலாம்.