மலைக்குப் போகும் கம்பு

பனவடலிசத்திரம் சமவெளி ஊர்தான். ஆனாலும் ஆடி அமாவாசை நெருங்கினால் சங்கரன்கோவில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்புக்கும், அங்கிருந்து தாணிப்பாறைக்கும் போய்ச் சதுரகிரி ஏறுகிறவர்கள் உண்டு. வயதானவர்கள் மூங்கில் கம்பும் இளவட்டங்கள் ஆன்லைனில் வாங்கிய மடக்கு ட்ரெக்கிங் ஸ்டிக்கும் கொண்டுபோகிறார்கள். ஊன்றும்வரை அது துணை. ஊன்றாதபோது அதன் முனை எங்கே பார்க்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை.

கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தால், ஏற்றத்தில் பின்னால் வருபவரின் கண்ணுக்கு நேராக அதன் பூண் இருக்கும். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் அவர் ஒதுங்கக்கூட இடமிருக்காது. கையில் பிடித்தால் முனை கீழே பார்க்கட்டும். மடக்குக் கம்பென்றால் மடக்கி, முனைக்கு ரப்பர் மூடி போட்டு, பையின் பக்கவாட்டில் கீழ்நோக்கிக் கட்டுங்கள். பஸ்ஸில் மேல்தட்டில் வைத்தால் பிரேக் போடும்போது யார் தலையிலாவது விழும். நெடுங்கம்பைத் தரையில் ஊன்றி முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்வதே நல்லது. கவனக்குறைவால் ஒருவர் காயப்பட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆம் பிரிவின்படி வழக்கு வரலாம். சாதாரண காயத்துக்கே ஆறு மாதம்வரை சிறை உண்டு.

ஓடையைக் கடக்கும்போது மணிக்கட்டு வாரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். கம்பு பாறையிடுக்கில் மாட்டினால் வார் ஆளையும் சேர்த்து இழுக்கும். தண்ணீர் ஏறுகிறது என்றால் கம்பை நம்பி இறங்கவே கூடாது; 2015 மே மாதம் அந்த மலையில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைக் குடித்தது. மலையேற அனுமதிக்கும் நாளும் நேரமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் வனத்துறையிடம் விசாரியுங்கள்.

இனி சட்டம். சதுரகிரி 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் வருகிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட காப்பகத்துக்குள் முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதைத் தடுக்கிறது. அதன் ஆயுத வரையறையில் கத்தி உண்டு. ஊன்றுகோல் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆகவே ஊன்றுவதற்கு மட்டும் கம்பு கொண்டுபோவதில் பெரிதாகப் பயமில்லை. 'மேலே போய் ஒரு கம்பு வெட்டிக்கலாம்' என்று இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு போகிறவர்தான் மாட்டுவார். அரிவாளும் குற்றம், வெட்டுவதும் குற்றம். கம்பை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், ஊருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

வந்ததும் மடக்குக் கம்பின் துண்டுகளைத் தனித்தனியே கழற்றி, துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகே சேருங்கள். முறுக்கிப் பூட்டும் வகைக்கு எண்ணெய் ஆகாது, பிடிப்பு வழுக்கிவிடும். மூங்கிலைக் கரையான் ஏறாமல் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

புதுக் கம்பின் பூட்டு இறக்கத்தில் நழுவி ஆள் விழுந்தால், 'நம்ம நேரம்' என்று விட்டுவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடுள்ள பொருளால் ஏற்பட்ட காயத்துக்கும் இழப்பீடு கேட்க முடியும். ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 1915-க்கு அழைக்கலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமே கிடையாது. பில்லையும் மருத்துவச் சீட்டையும் உடைந்த துண்டையும் பத்திரமாக வையுங்கள். கோபத்தில் கம்பை ஓடையில் வீசிவிட்டு வந்தால் புகாருக்குச் சாட்சி போய்விடும். காட்டில் குப்பையும் சேரும்.