பிரித்து வைத்தால் பெருகுமா?

பிரிட்டனில் வட்டிக்காகப் பல வங்கிகளில் கணக்கு வைத்தார்கள். இந்தியாவில் அந்தத் தந்திரம் எடுபடாது. ஆனால் பணத்தைப் பிரித்து வைக்க இங்கே வேறு காரணம் உண்டு.

மாதத்தின் முதல் தேதியன்று ஒரு வங்கியிலிருந்து 1,500 பவுண்டு கிளம்பும். மறுநாள் இரண்டாவது வங்கிக்குப் போகும். அதற்கடுத்த நாள் மூன்றாவது, பிறகு நான்காவது. ஒரு வாரத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அந்தப் பணத்தால் யாரும் எதையும் வாங்கவில்லை. ஆனாலும் அது எட்டிப் பார்த்துவிட்டு வந்த ஒவ்வொரு வங்கியும் தன்னிடம் கணக்கு வைத்திருந்தவருக்கு வட்டி கொடுத்தது. 2014-லிருந்து 2016 வரை பிரிட்டனின் நடுத்தர வர்க்கத்தினர் பலர் கடைப்பிடித்த சிக்கன உத்தி இது.

இதன் வேர் 2009-ல் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து தனது அடிப்படை வட்டியை 0.5 சதவிகிதமாகக் குறைத்தது. சேமிப்புக் கணக்குகளின் வட்டியும் சரிந்தது. ஆனால் அதே வங்கிகள் நடப்புக் கணக்கு வாடிக்கையாளர்களுக்காக ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. சம்பளம் வந்து விழுவது நடப்புக் கணக்கில்தான். சம்பளம் வரும் இடத்தில்தான் கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன், ஓவர்டிராஃப்ட் எல்லாவற்றையும் விற்க முடியும். எனவே முதல் சில ஆயிரம் பவுண்டுகளுக்கு மட்டும் கொழுத்த வட்டி என்று தூண்டில் போட்டார்கள்.

நேஷன்வைடு 2,500 பவுண்டு வரை முதல் ஆண்டுக்கு 5 சதவிகிதம் தந்தது. டிஎஸ்பி 2,000 பவுண்டு வரை 5 சதவிகிதம். டெஸ்கோ வங்கி 3,000 பவுண்டு வரை 3 சதவிகிதம். லாயிட்ஸின் 'கிளப்' கணக்கில் 4,000-லிருந்து 5,000 பவுண்டு வரை இருந்தால் 4 சதவிகிதம். இந்த நான்கிலும் உச்சவரம்பு வரை நிரப்பினால் மொத்த முதலீடு 12,500 பவுண்டு. ஆண்டு வட்டி சுமார் 515 பவுண்டு. அதே தொகையை 0.5 சதவிகிதக் கணக்கில் போட்டிருந்தால் 62 பவுண்டு 50 பென்ஸ்தான் கிடைத்திருக்கும்.

சும்மா தருவார்களா? மாதந்தோறும் 500, 1,000 அல்லது 1,500 பவுண்டு கணக்கில் வரவாக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். சில வங்கிகள் மின்சாரம், தொலைபேசி போன்ற கட்டணங்கள் தங்கள் கணக்கிலிருந்தே தானாகக் கழிய வேண்டும் என்றும் கேட்டன. ஆனால் வந்த பணம் அங்கேயே தங்க வேண்டும் என்று பெரும்பாலும் சொல்லவில்லை. ஆகவே ஒரே 1,500 பவுண்டைச் சுற்றில் விட்டு எல்லா வங்கிகளின் நிபந்தனையையும் நிறைவேற்றினார்கள். வங்கிகளுக்கும் இது தெரியாமலில்லை. பத்துப் பேர் தூண்டில் புழுவை மட்டும் தின்றுவிட்டுப் போனாலும் மற்றவர்கள் மாட்டுவார்கள் என்பது அவர்கள் கணக்கு.

2016 ஆகஸ்டில் அடிப்படை வட்டி 0.25 சதவிகிதமானது. 20,000 பவுண்டு வரை 3 சதவிகிதம் தந்துகொண்டிருந்த சான்டாண்டர் அந்த நவம்பரில் அதைப் பாதியாக்கியது. 2017 ஜனவரியில் டிஎஸ்பியும் லாயிட்ஸும் வட்டியைக் குறைத்தன. கையில் கார்டுகள் மிஞ்சின, விருந்து முடிந்தது.

இங்கே படிக்கட்டு தலைகீழ்

இந்தியாவில் இதைச் செய்ய முடியுமா? முதல் தடை பெயரிலேயே இருக்கிறது. நம் ஊரில் 'கரன்ட் அக்கவுன்ட்' என்பது வியாபாரிகளுக்கானது. ரிசர்வ் வங்கி விதிப்படி அதற்கு வட்டி கிடையாது. சம்பளக்காரர்கள் வைத்திருப்பது சேமிப்புக் கணக்கு.

சேமிப்புக் கணக்கு வட்டியை நெடுங்காலம் ரிசர்வ் வங்கியே நிர்ணயித்தது. 2003-லிருந்து 3.5 சதவிகிதம், 2011 மே மாதம் 4 சதவிகிதம். அதே ஆண்டு அக்டோபர் 25-ல் கட்டுப்பாடு நீங்கியது. ஒரு லட்சம் ரூபாய் வரை ஒரு வங்கி எல்லோருக்கும் ஒரே வட்டி தர வேண்டும். அதற்கு மேல் தொகைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று சுதந்திரம் கிடைத்தது. சில தனியார் வங்கிகள் உடனே 6 சதவிகிதம் வரை உயர்த்தின. பெரிய வங்கிகள் அசைந்து கொடுக்கவில்லை. 2025 ஜூனில் ஸ்டேட் வங்கி, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ மூன்றுமே சேமிப்புக் கணக்கு வட்டியை 2.5 சதவிகிதமாகக் குறைத்தன.

கூடுதல் வட்டி தரும் வங்கிகளில் பெரும்பாலும் இருப்பு ஏற ஏறத்தான் வட்டியும் ஏறும். பிரிட்டனில் நடந்ததற்கு இது நேர் எதிர். ஒரு வங்கி முதல் லட்சத்துக்கு 3 சதவிகிதமும் அதற்கு மேல் 6 சதவிகிதமும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சத்தை ஒரே கணக்கில் வைத்தால் ஆண்டுக்கு 21,000 ரூபாய். இதே விகிதம் தரும் நான்கு வங்கிகளில் ஒவ்வொரு லட்சமாகப் பிரித்தால் 12,000 ரூபாய்தான். வட்டிக்காகப் பிரிப்பவர் இங்கே வட்டியை இழக்கிறார். உடனடித் தேவைக்கு மேல் உள்ள பணத்துக்கு, மீதியைத் தானாகவே வைப்புநிதியாக மாற்றும் 'ஸ்வீப்' வசதி எவ்வளவோ மேல்.

பின் ஏன் பிரிக்க வேண்டும்?

பதில் 2019 செப்டம்பரில் மும்பையில் கிடைத்தது. பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, கணக்கில் எத்தனை லட்சம் இருந்தாலும் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். வரம்பு படிப்படியாக உயர்ந்து ஒரு லட்சத்தைத் தொட 2020 ஜூன் ஆகிவிட்டது. 2022 ஜனவரியில் அந்த வங்கி யூனிட்டி சிறு நிதி வங்கியுடன் இணைக்கப்பட்டபோது, 5 லட்சத்துக்கு மேல் போட்டிருந்தவர்களின் மீதித் தொகை பத்தாண்டுகள் வரை நீளும் தவணைகளாயிற்று. மகள் கல்யாணத்துக்கென்று மொத்தப் பணத்தையும் ஒரே இடத்தில் போட்டவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டுறவு வங்கிக்கு மட்டும் நேர்வதல்ல இது. 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் வாடிக்கையாளர்களும் 50,000 ரூபாய் வரம்பில் சுமார் இரண்டு வாரம் தவித்தார்கள்.

கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-ல் மூழ்கிய பிறகு வந்தது வைப்புத்தொகைக் காப்பீடு. 1962-ல் அதன் வரம்பு வெறும் 1,500 ரூபாய். 1993-ல் ஒரு லட்சம். 27 ஆண்டுகள் அங்கேயே நின்று, 2020 பிப்ரவரியில் 5 லட்சமானது. பிரீமியத்தை வங்கி கட்டுகிறது. வங்கி முடக்கப்பட்டால் 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகை கிடைக்க வழி செய்யும் சட்டத்திருத்தம் 2021-ல் வந்தது.

இந்த 5 லட்சம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம். அசலும் வட்டியும் சேர்த்து. தி.நகர் கிளையில் ஐந்து, தாதர் கிளையில் ஐந்து என்று ஒரே வங்கியில் பிரித்தால் பயனில்லை. 12 லட்சத்தை ஒரே வங்கியில் வைத்தால் 7 லட்சத்துக்குக் காப்பீடு இல்லை. மூன்று வங்கிகளில் நாலு நாலாக வைத்தால் முழுத் தொகைக்கும் உண்டு. கணவன், மனைவி தனித்தனிக் கணக்கும், இருவரும் கூட்டாக ஒரு கணக்கும் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் தனியாகக் கணக்கிடப்படும். நிதி நிறுவனங்களிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களிலும் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அதிக வட்டி என்று அழைக்கும் இடங்களில் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

எத்தனை கணக்கு போதும்?

அளவு மீறினால் இதுவும் தொல்லை. தனியார் வங்கிகள் பலவற்றில் குறைந்தபட்ச இருப்பு வேண்டும், குறைந்தால் அபராதம். 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி நகர்ப்புறப் புதிய கணக்குகளுக்கு இதை 50,000 ரூபாய் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 15,000-க்கு இறங்கி வந்தது. இப்படி நாலு வங்கிகளில் முடங்கும் தொகையே ஒரு சிறு வைப்புநிதியாகிவிடும். எல்லாக் கணக்குகளின் வட்டியையும் கூட்டித்தான் வருமான வரிக்குக் காட்ட வேண்டும் என்பதும் மறக்கக் கூடாதது.

மறதிக்கு விலை அதிகம். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயல்படாததாகிவிடும். பத்து ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். 2024 மார்ச் முடிவில் அந்த நிதியில் இருந்தது 78,213 கோடி ரூபாய். அதற்கும் உரியவர்கள் எங்கோ இருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கி 2023-ல் 'உத்கம்' என்ற இணையதளத்தையே தொடங்க வேண்டியிருந்தது.

சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டு அல்லது மூன்று வங்கிகள் தாராளம். ஒன்றில் சம்பளமும் வீட்டுச் செலவும். மற்றவற்றில் சேமிப்பு, ஒவ்வொன்றிலும் வட்டி சேர்ந்தாலும் 5 லட்சத்தைத் தாண்டாத அளவில். ஒவ்வொரு கணக்குக்கும் வாரிசு நியமனம். எந்த வங்கியில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிவைப்பது. கடைசியில் சொன்னதற்கு வட்டி கிடையாது. ஆனால் அதைச் செய்யாததால்தான் கோடிக்கணக்கான ரூபாய் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது.