பறவை மோகனம், நிழல் ஹிந்தோளம்

பிரேசில் இசையமைப்பாளர் எய்ட்டோர் வில்லா-லோபோஸ் 1939-இல் நியூயார்க் நகரத்தின் ஒளிப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வானத்தை முட்டும் கட்டடங்களின் விளிம்பை மட்டும் கிராஃப் தாளில் வரைந்தார். இடமிருந்து வலமாகப் போகும் கட்டங்கள் காலம். கீழிருந்து மேலே போகும் கட்டங்கள் சுரம். கட்டடம் உயர்ந்தால் சுரம் ஏறும், தாழ்ந்தால் இறங்கும். அந்தக் கோடு கொடுத்த மெட்டுக்குத் துணைச் சுரங்களைத் தானே சேர்த்தார். ‘நியூயார்க் ஸ்கை-லைன் மெலடி’ என்ற பியானோ இசை அப்படிப் பிறந்தது. 1944-இல் எழுதிய ஆறாவது சிம்பொனிக்கும் சொந்த நாட்டு மலைகளின் விளிம்புக்கோடுதான் அவருக்கு வித்து.

இதே வித்தையை வேதாரண்யத்தில் செய்து பார்த்தால் முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொள்வோம். இது மலையில்லாத சீமை. கோடியக்கரையில் மேடு என்று காட்டக்கூடியது ராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான். அதுவும் ஓர் ஓட்டுவீட்டின் உயரம் தேறினால் அதிகம். அகத்தியம்பள்ளி உப்பளத்தில் நின்று படம் எடுத்தால் அடிவானம் அளவுகோல் வைத்து இழுத்த கோடு மாதிரி கிடக்கும். வில்லா-லோபோஸ் கணக்கில் அதற்கு ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சுரம்.

ஒரே சுரம் விடாமல் ஒலித்தால் நாம் அதைச் சுருதி என்போம். கச்சேரியில் தம்புரா செய்கிற வேலையை இந்தச் சமவெளிப் படத்தில் அடிவானம் செய்கிறது. ஆக, டெல்டாவின் படத்தை இசையாக்க நினைப்பவர் விளிம்புக்கோட்டைத் தேடவேண்டாம். அந்த நேர்கோட்டை ‘ச’ என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலே என்ன நிற்கிறது, கீழே என்ன விழுகிறது என்று பார்த்தால் போதும்.

கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

கோடியக்கரை 1967-இல் சரணாலயம் ஆனது. சரணாலயமும் வேதாரண்யம் சதுப்பும் அடங்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஈரநிலம் அது. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு சதுப்பில் தண்ணீர் பரவலாக நிற்கும்போது பூநாரைகள் கூட்டமாக இறங்கும். கரையோரச் சேற்றில் உள்ளான்கள் ஓடும், மேலே ஆலாக்கள் வட்டமிடும். பறவைப் படக்காரர்கள் நீண்ட லென்ஸோடு வந்து தரையோடு தரையாகப் படுப்பது அப்போதுதான்.

அவர்கள் படுப்பதற்கு ஒளியியல் காரணம் ஒன்று உண்டு. தண்ணீரைச் செங்குத்தாகப் பார்த்தால், மேலே விழும் ஒளியில் அது சுமார் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாயத் திரும்பி வரும் ஒளி கூடும்; நீர்ப்பரப்பை ஒட்டிப் பார்க்கும்போது தண்ணீர் ஏறக்குறைய கண்ணாடி ஆகிவிடும். கேமரா தாழ்ந்தால் பறவையின் நிழல் தண்ணீரில் பளிச்சென்று விழுவது அதனால்தான். அப்போதும் அசலைவிட நிழல் ஒரு மாற்றுக் குறைவுதான். இசையமைப்பாளருக்கு இது உதவும்: பறவைக்கு ஒரு குரல், நிழலுக்குச் சற்றே அடங்கிய இன்னொரு குரல்.

படத்தைப் பிடித்த ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருக்கலாம். அதை வாசிக்க இருபது நொடி எடுப்பதா, ஐந்து நிமிடம் எடுப்பதா? படத்தில் இதற்கு விடை கிடையாது. கண்ணுக்கு முழுப் படமும் ஒரே பார்வையில் கிடைத்துவிடுகிறது. காதுக்கு வரிசையாகத்தான் கொடுக்கமுடியும். அந்த வரிசையையும் வேகத்தையும் முடிவு செய்வது மனிதர்தான்.

இரட்டிக்கும் கணக்கு

கேமராவும் பியானோவும் ஓர் இடத்தில் ஒரே கணக்கில் ஓடுகின்றன. ஒளியை ஒரு ‘ஸ்டாப்’ கூட்டினால் அது இரண்டு மடங்காகும். சுரத்தை ஒரு ஸ்தாயி ஏற்றினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். பியானோவின் 88 கட்டைகளில் கடைக்கோடிக் கட்டை நொடிக்கு 27.5 அதிர்வு, உச்சிக் கட்டை 4,186. இடையில் ஏழு முறைக்குமேல் இரட்டிப்பு நடந்திருக்கிறது. நம் கண்ணும் காதும் கூடுதலைவிட மடங்கையே உணர்கின்றன. அதனால் படத்தில் ஒரு கட்டம் ஏறினால் இத்தனை அதிர்வு கூட்டு என்று விதி வைத்தால் காதுக்கு ஒட்டாது. ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டை என்று வைத்தால்தான் ஒட்டும்.

அமெரிக்க மலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ்பெற்ற ஆன்சல் ஆடம்ஸ், இளமையில் பியானோக் கலைஞராகத் தேர்ச்சி பெற்றவர். கருமையிலிருந்து வெண்மை வரை ஒளியை 11 படிகளாக, படிக்குப் படி இரட்டிப்பாகப் பிரித்த ‘மண்டல முறை’ அவரும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்தது. நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, அதிலிருந்து எடுக்கும் பிரிண்ட் என்பது கச்சேரி என்று அவர் விளக்குவது வழக்கம். நம் மா. கிருஷ்ணனும் காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அப்படிப்பட்ட படத்தில் ஒளிப்படிகளை ஒலியின் அழுத்தமாக மாற்றுவது எளிது: வெளிச்சமான இடம் அழுத்தி, இருண்ட இடம் மெல்ல.

வண்ணத்துக்கு இப்படி உறுதியான விதி இல்லை. ரஷ்ய இசையமைப்பாளர்கள் ஸ்க்ரியாபினும் ரிம்ஸ்கி-கோர்சகோவும் சுரங்களுக்கு வண்ணம் சொன்னார்கள். ஒருவருக்கு ‘சி’ சிவப்பு, மற்றவருக்கு அதே ‘சி’ வெள்ளை. பூநாரையின் ரோஜா நிறம் எந்தச் சுரம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்தான் வரும்.

ஐந்து பறவை, பத்துச் சுரம்

2009-இல் பிரேசிலைச் சேர்ந்த ஜார்பஸ் அக்னெல்லி, நாளிதழில் வந்த ஒரு படத்தைப் பார்த்தார். மின்கம்பிகளில் பறவைகள் உட்கார்ந்திருந்தன. கம்பிகள் மேற்கத்திய இசைத்தாளின் கோடுகளாகவும் பறவைகள் சுரக்குறிகளாகவும் அவருக்குத் தெரிந்தன. உட்கார்ந்திருந்த இடத்திலேயே பறவைகளை விட்டு, அப்படியே மெட்டாக வாசித்தார். ‘பேர்ட்ஸ் ஆன் தி வயர்ஸ்’ உலகம் சுற்றியது.

கோடியக்கரையில் கம்பிக்குப் பதில் நீர்க்கோடு. பூநாரைகள் ஐந்து வரிசையாக நிற்கும் படம் ஒன்றை வைத்துக்கொள்வோம். நீர்க்கோட்டை நாலரைக் கட்டையில், அதாவது ‘எஃப் ஷார்ப்’ கறுப்புக் கட்டையில் ‘ச’ என்று வைப்போம். அங்கிருந்து கறுப்புக் கட்டைகளை மட்டும் தொட்டுக்கொண்டு ஏறினால் ச ரி க ப த: மோகனம். முதல் பறவை தலை நிமிர்ந்து நிற்கிறது, அது ‘த’. அடுத்தது கழுத்தை மடக்கி முதுகில் சாய்த்திருக்கிறது, ‘க’. மூன்றாவது, பூநாரைகளுக்கே உரிய விதத்தில் அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து வடிகட்டி மேய்கிறது, ‘ச’. நான்காவது இப்போதுதான் தலையைத் தூக்குகிறது, ‘ரி’. ஐந்தாவது ‘ப’. வலது கைக்கு மெட்டு கிடைத்துவிட்டது: த க ச ரி ப.

இனி நிழல். நீர்க்கோட்டுக்கு மேலே எத்தனை கட்டையோ, கீழேயும் எண்ணி அத்தனை கட்டை இறங்கவேண்டும். ‘ரி’ இரண்டு கட்டை மேலே. அதன் நிழல் இரண்டு கட்டை கீழே, கைசிகி நிஷாதம். அந்தர காந்தாரத்தின் நிழல் சுத்த தைவதம். பஞ்சமத்தின் நிழல் சுத்த மத்யமம். சதுச்ருதி தைவதத்தின் நிழல் சாதாரண காந்தாரம். ச க ம த நி என்று அடுக்கிப் பாருங்கள்: ஹிந்தோளம். மோகனம் தண்ணீரில் விழுந்தால் ஹிந்தோளம் ஆகிறது! பியானோவில் இது கண்ணுக்கும் தெரியும். பறவைகள் ஐந்தும் கறுப்புக் கட்டையில். நிழல்களில் ‘ச’ தவிர மற்ற நான்கும் வெள்ளைக் கட்டையில். மேயும் பறவையின் அலகு தன் நிழலைத் தொடும் இடத்தில் மட்டும் இரண்டு கைகளும் ஒரே கட்டையில் வந்து சேரும்.

இந்தக் கணக்கு எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் பிசகாமல் வருவதற்குக் காரணம், பியானோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்திருப்பது. கட்டைக்குக் கட்டை அதிர்வெண் ஏறக்குறைய 5.95 சதவீதம் கூடுகிறது. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில், 22 சுருதி என்ற கணக்கை மறுத்து, ஸ்தாயியைச் சம அளவாகப் பன்னிரண்டு சுரங்களாகவும் 24 சுருதிகளாகவும் பிரிக்கவேண்டும் என்று பக்கம் பக்கமாக வாதிட்டார்.

பியானோவால் ஆகாதவை

பியானோவுக்குப் போதாமைகள் இரண்டு. முதலாவது, அதற்குச் சுருதியைப் பிடித்து வைத்திருக்கத் தெரியாது. சுத்தி தந்தியை ஒருமுறை அடித்ததோடு சரி. அந்த அதிர்வு பாலம் வழியாக ஒலிப்பலகைக்குப் போய்க் காற்றில் கரைந்துகொண்டே இருக்கும். கீழ் ஸ்தாயியில் பல நொடி நிற்கும் நாதம், உச்ச ஸ்தாயியில் ஓரிரு நொடியில் ஓய்ந்துவிடும். அடிவானம் பாதியில் மறைந்துபோகாமல் இருக்க, இடது கை ‘ச’வை அவ்வப்போது மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும், அல்லது பெடலை மிதித்து மற்றத் தந்திகளையும் கூடவே முனகவிடவேண்டும்.

இரண்டாவது, கமகம். பூநாரையின் கழுத்து படியாக ஏறுவதில்லை, வளைந்து ஏறுகிறது. அந்த வளைவைக் குரலும் வீணையும் காட்டும். கட்டை கட்டையாகத் தாவும் பியானோவால் முடியாது. வேதாரண்யம் கோயில் அம்பாளின் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அவள் குரலுக்கு முன்னால் எடுபடாது என்று சரஸ்வதியே இங்கே வீணையைக் கீழே வைத்துவிட்டாளாம். கோயிலில் அவள் வீணையில்லாமல்தான் இருக்கிறாள். வீணைக்கே அந்த நிலை என்றால் பியானோ எம்மாத்திரம்!

விதி எதுவரை?

படத்தை ஒலியாக்கும் வேலையை இன்று கணினியும் செய்கிறது. நெதர்லாந்தின் பீட்டர் மெய்ஜர் 1992-இல் வெளியிட்ட முறையில், 64-க்கு 64 புள்ளிகள் கொண்ட படம் ஒரு நொடியில் இடமிருந்து வலமாக ஒலிக்கும். உயரம் சுரமாகும், வெளிச்சம் அழுத்தமாகும். பார்வையற்றோர் பழகிப் பழகி வடிவங்களைக் காதாலேயே இனம் காண அது உதவியது. நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய ‘சந்திரா’ எக்ஸ்ரே தொலைநோக்கியின் படங்களை 2020 முதல் நாசா இதுபோன்ற விதிகளில் ஒலிக்கவிடுகிறது.

அவை தகவலை மாற்றாமல் தரவேண்டியவை. அதனால் விதி கடைசிவரை மாறக்கூடாது. இசையமைப்பாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேலே சொன்ன உதாரணத்தில் படம் கொடுத்தது பறவைகளின் வரிசையும் உயரமும் நிழலும் மட்டுமே. மோகனம் என்று எடுத்தது, நாலரைக் கட்டை என்று வைத்தது, வேகத்தை முடிவு செய்தது எல்லாம் நாம். அதே படத்தை இன்னொருவர் கல்யாணியில் வைத்தால் வேறொரு பாட்டு வரும், அதுவும் அதே படத்தின் பாட்டுதான். படத்தைப் பார்த்து உருகி எழுதினேன் என்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் பறவை எழுதியது எது, நீங்கள் எழுதியது எது? இரண்டையும் தனித்தனியாகக் காட்டத் தெரிந்தவருக்கு ஒரு கிராஃப் தாளும் பள்ளிக்கூட ஹார்மோனியமும் இருந்தாலே போதும்.