நம்ம ஸ்கிரிப்ட் ஓடுறது வீட்லயா, கிளவுட்லயா?

ஹெலன்ஸ்பர்க் வீட்டு லேப்டாப்பில் ஓடும் அதே பேக்கப் ஸ்கிரிப்டை அமேசானின் சிட்னி சர்வரிலும் ஓட்டுகிறேன். வீட்டில் பழைய கோப்புகளை அழிக்கணும், சர்வரில் தொடவே கூடாது. அப்போ எங்கே ஓடுகிறோம்னு ஸ்கிரிப்டுக்கே தெரியணும் இல்லையா?

பலரும் செய்வது, 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்டுப் பார்ப்பது. பதில் வந்தால் கிளவுட். வீட்டில் பதில் வராது. டைம்அவுட் ஒரு நொடி என்று வைக்கலைன்னா ஸ்கிரிப்ட் தேமேன்னு நிற்கும். (என்னுடையது நின்றது!) அஸூர், கூகுள், ஓபன்ஸ்டேக் எல்லாமே இதே முகவரிதான் என்பதால், பதில் வந்தாலே அமேசான் என்றும் சொல்லிவிட முடியாது.

இன்னொரு சிக்கல் இருக்கு. சர்வரின் தற்காலிகச் சாவிகளையும் இதே முகவரிதான் தருகிறது. 2019-ல் கேபிடல் ஒன் வங்கியில் சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் தகவல் திருடுபோனது இந்த வழியாகத்தான். அதே நவம்பரில் அமேசான் டோக்கன் முறையைக் கொண்டுவந்தது. அதைக் கட்டாயமாக்கிய சர்வரில் டோக்கன் இல்லாமல் கேட்டால் 401 பிழைதான் வரும். அதை 'வீடு'ன்னு எடுத்துக்கிட்டா, கோப்புகள் போச்சு!

அதனால் முதலில் லினக்ஸையே கேளுங்க. பயாஸ் தகவலில் தயாரிப்பாளர் பெயர் 'அமேசான் ஈசி2' என்று இருக்கும், படிக்க ரூட் அனுமதிகூட வேண்டாம். பழைய ஸென் வகை சர்வர்களில் 'ஸென்' என்று வரும். இரண்டும் இல்லைன்னா டோக்கனோடு அந்த முகவரி. அப்பவும் சந்தேகம்னா, என் ஸ்கிரிப்ட் இப்போ எதையும் அழிக்காமல் எனக்கு ஒரு மெயில் போட்டுட்டு நின்னுடும்.