பழைய மோட்டாருக்குப் புதிய புஷ்: ரப்பரா, பாலியூரித்தேனா?

வடசேரி பஸ் நிலையத்தில் குலசேகரம் பஸ் ஏறினால் வழியில் ரப்பர் தோட்டங்களைக் காணலாம். சிரட்டையில் சொட்டுச் சொட்டாய் வடியும் அந்தப் பால், டயராக மட்டுமா ஆகிறது? மோட்டாரின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத ஒரு சின்னஞ்சிறு உருளையாகவும் ஆகிறது. அதுதான் சஸ்பென்ஷன் புஷ்.

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் இரும்போடு இரும்பு உராயாமல் காப்பது இதன் வேலை. இது நைந்துவிட்டால் பள்ளத்தில் ‘கடகட’ என்று ஓசை கேட்கும்; பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்; டயரின் ஓரம் தேயும்.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் இனத்தைச் சேர்ந்ததே. இவ்வகை வண்டிகளைப் பழுது பார்ப்பவர்களிடம் இன்று கடைக்காரர் நீட்டுவது, சிவப்பும் மஞ்சளுமாய்ப் பளபளக்கும் பாலியூரித்தேன் புஷ். 1937-இல் ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவர் குழுவினரும் கண்ட பொருள் இது.

இரண்டுக்கும் வித்தியாசம் என்ன?

ரப்பர் புஷ் தானே முறுக்கிக்கொடுத்து மீளும், அதிர்வையும் விழுங்கும். பாலியூரித்தேனோ கடினமானது. ‘ஷோர் ஏ’ அளவில் ரப்பர் சுமார் 50 முதல் 70 என்றால், இது 70 முதல் 95 வரை. இது முறுக்கிக்கொடுப்பதில்லை, இதனுள்ளே குழல்தான் சுழல வேண்டும். சிலிக்கோன் கிரீஸ் தடவாவிட்டால் ‘கீச்’சென்று கத்தும். ஆனால் வளைவில் சக்கரம் கோணாமல் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் பட்டாலும் ரப்பரைப் போல் ஊதாது.

எங்கே எது?

முன்சக்கரக் கைகளுக்கும், வண்டி சாயாமல் தடுக்கும் குறுக்குக் கம்பிக்கும் பாலியூரித்தேன் பொருந்தும். பின்சக்கரத்தை முன்னிழுத்துப் பிடிக்கும் நீளக் கை, மேலும் கீழும் ஆடுவதோடு சிறிது திருகவும் வேண்டும். அங்கே ரப்பரே நல்லது. கடினமான புஷ் அதை இறுகப் பிடித்துவிடும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் ஜில்லா நம்முடையது. பாலியெஸ்டர் வகை ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நாளடைவில் சிதையும். பாலியெதர் வகையைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் புஷ்ஷுக்கு, சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் பாரம் ஏறிய பிறகே போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் விரைவில் கிழியும்.

இன்னும் ஒன்று. தொடக்ககால ஸ்பிட்ஃபயரில், வளைவில் விரட்டித் திடீரென வேகத்தைக் குறைத்தால் பின்சக்கரங்கள் உட்புறமாக மடங்கி வண்டி தடுமாறும். 1970-இல் வந்த மார்க் 4 மாடலில் பின் ஸ்பிரிங்கின் அமைப்பையே மாற்றித்தான் இதைக் குறைத்தார்கள். எந்தப் புஷ்ஷும் அந்தக் குறையைத் தீர்க்காது. ஆகவே புதுப் புஷ் போட்ட தைரியத்தில் வளைவில் வேகம் காட்டாதீர்கள். அங்கே நிதானமே துணை.