ஓமத்தின் காரமும் ஓர் ஆக்சிஜன் அணுவும்

ஓமம், துளசி, கற்பூரவல்லி, புதினா போன்றவற்றின் மணத்துக்குக் காரணம் அவற்றில் உள்ள ஆவியாகும் எண்ணெய். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெயிலிருந்து இது முற்றிலும் வேறுபட்டது. அவை கொழுப்பு, தாளில் ஒரு சொட்டு விட்டால் கறை அப்படியே நிற்கும். ஆவியாகும் எண்ணெயோ சிறிது நேரத்தில் காற்றில் கலந்துவிடும். பூச்சி, பூஞ்சை, பாக்டீரியா ஆகியவற்றிடமிருந்து தப்ப, செடிகள் உருவாக்கிக்கொண்ட தற்காப்புகளில் இந்த எண்ணெயும் ஒன்று.

துளசி, கற்பூரவல்லி இலைகளை உருப்பெருக்கியில் பார்த்தால், மேற்பரப்பில் நுண்ணிய சுரப்பித் தூவிகள் தெரியும். எண்ணெய் சேர்வது அவற்றின் நுனியில்தான். இலையைக் கசக்கும்போது அவை உடைவதால் மணம் வீசுகிறது. ஓமத்தில் எண்ணெய் இருக்கும் இடம் வேறு. நாம் விதை என்று சொல்லும் ஓமம், தாவரவியல் கணக்கில் ஒரு கனி. அதன் தோலுக்குள் நீளவாக்கில் ஓடும் மெல்லிய குழாய்களில் எண்ணெய் நிறைந்திருக்கிறது.

எண்ணெயைப் பிரிக்க நீராவி போதும். இடித்த ஓமத்தின் ஊடே நீராவியைச் செலுத்தினால், எண்ணெய் ஆவியும் அதனுடன் கிளம்பும். இரண்டையும் குளிரவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். நூறு கிலோ ஓமத்தில் ஏறக்குறைய 2 முதல் 4 கிலோ எண்ணெய் தேறும். அடியில் தங்கும் மணநீர்தான் ஓம வாட்டர். எண்ணெயை மேலும் குளிரவைத்தால் நிறமற்ற படிகங்கள் பிரியும். நாட்டு மருந்துக் கடையில் ‘ஓம உப்பு’ என்று கேட்டால் கிடைப்பது இந்தப் படிகம். பெயரில் உப்பு இருந்தாலும் இது உப்பு அல்ல. தைமால் என்னும் கரிமச் சேர்மம். சுமார் 50 டிகிரி செல்சியஸில் இது உருகும். ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் சம அளவு கலந்து வைத்தால், அடுப்பில் ஏற்றாமலேயே கலவை நீர்த்துத் திரவமாகும். கலவையின் உருகுநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிடுவதே காரணம்.

நறுமண எண்ணெய்களின் வேதியியல் பெரும்பாலும் டெர்பீன்களின் வேதியியல். ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஐசோபிரீன் அலகுகள் இரண்டு சேர்ந்தால் மோனோடெர்பீன். மூன்று சேர்ந்தால் செஸ்குவிடெர்பீன். இந்த எண்ணெய்களின் அமைப்பை ஆராய்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ வாலாக், 1910இல் நோபல் பரிசு பெற்றார். கிராம்பு, துளசியில் உள்ள யூஜினால், பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு ஆகியவை வேறு வழியில் உருவாகும் இன்னொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஓர் எண்ணெயில் பல பத்துச் சேர்மங்கள் இருந்தாலும், இரண்டு மூன்றே அதன் பெரும்பகுதியாக இருப்பது வழக்கம். ஓம எண்ணெயில் அவை தைமால், பாரா சைமீன், காமா டெர்பினீன்.

இவற்றில் பாரா சைமீனில் 10 கார்பன் அணுக்களும் 14 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. தைமாலில் அதே எண்ணிக்கையோடு ஓர் ஆக்சிஜன் அணு கூடுதல். அது ஹைட்ரஜனுடன் சேர்ந்து ஹைட்ராக்சில் தொகுதியாக, மூலக்கூறின் கார்பன் வளையத்தில் ஒட்டியிருக்கிறது. பாரா சைமீன் தனியாகக் கிருமிகளைப் பெரிதாக எதுவும் செய்வதில்லை; தைமாலோ வலுவான கிருமிநாசினி. ஹைட்ராக்சில் வளையத்தின் வேறொரு மூலையில் அமர்ந்தால் அது கார்வக்ரால். கற்பூரவல்லியின் காரத்துக்கும் ஆற்றலுக்கும் அதுவே முக்கியக் காரணம்.

பாக்டீரியாவின் உயிரணுவைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. தைமாலும் கார்வக்ராலும் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைவதால், அந்தச் சவ்வுக்குள் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிகின்றன. ஆற்றல் உற்பத்திக்குத் தேவையான, சவ்வின் இருபுறத்துக்கும் இடையிலான ஹைட்ரஜன் அயனி வேறுபாடு சரிகிறது, கிருமி செயலிழக்கிறது. பாரா சைமீனுக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. அது சவ்வை உப்பவைத்து, கார்வக்ரால் நுழைய இடம் கொடுக்கிறது. பிரித்தெடுத்த ஒரு சேர்மத்தைவிட முழு எண்ணெய் சில வேளைகளில் கூடுதலாக வேலைசெய்வது இத்தகைய கூட்டால்தான்.

எல்லாக் கிருமிகளும் இதற்குப் பணிவதில்லை. கிராம் நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு சவ்வும் இருப்பதால், அவை பொதுவாகக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றுள் சூடோமோனாஸ் மிகவும் பிடிவாதமானது. செடியும் எப்போதும் ஒரே எண்ணெயைத் தருவதில்லை. ஒரே துளசியில் யூஜினால் மிகுந்த வகையும் மெத்தில் யூஜினால் மிகுந்த வகையும் உள்ளன. மண், பருவம், அறுவடை நேரம் ஆகியவையும் சேர்மங்களின் விகிதத்தை மாற்றும். அதனால், எண்ணெயின் பகுப்பாய்வு தெரியாமல் அதன் ஆற்றலைக் கணிக்க முடியாது.

தைமாலை 1719இல் ஜெர்மானிய வேதியியலாளர் காஸ்பர் நியூமான் தைம் என்னும் செடியிலிருந்து பிரித்தெடுத்தார். 1909 முதல் 1914 வரை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ராக்ஃபெல்லர் சுகாதார ஆணையம் நடத்திய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தில் தைமாலே முக்கிய மருந்து. அதைச் சாப்பிடுவோர் எண்ணெய்ப் பண்டமும் மதுவும் தொடக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டார்கள். இரண்டிலும் தைமால் கரைந்து, குடலில் நிற்காமல் இரத்தத்தில் ஏறி, நோயாளிக்கே நஞ்சாகும் என்பதே காரணம். இன்று வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும், தேனீக்களைத் தாக்கும் வரோவா உண்ணியை ஒழிக்கும் மருந்துகளிலும் தைமால் பயன்படுகிறது.

கிருமிச் சவ்வைக் குலைக்கும் அதே குணம் மனித உயிரணுவையும் விட்டுவைக்காது. ஆய்வகத் தட்டில் கிருமி வளராத வட்டம் தெரிவதால் மட்டும் ஓர் எண்ணெய் மருந்தாகிவிடாது. உணவு கெடாமல் காக்கச் சேர்த்தாலும், உணவிலுள்ள கொழுப்பும் புரதமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால், தட்டில் போதுமான அளவு உணவில் போதாது. அளவைக் கூட்டினால் வாயில் வைக்க முடியாது. ஓமக் கஷாயத்தில் கலப்பது மிகச் சிறிதளவு எண்ணெயே. நீர்க்காத எண்ணெயோ தோலை எரிக்கும், வாயைப் புண்ணாக்கும். நீலகிரித் தைலத்தைக் குழந்தைகள் சில மில்லிலிட்டர் விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும். தைலப் புட்டிகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் எவரும் அவற்றை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. பாக்டீரியா தொற்றுக்கு மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மருந்துக்கு இந்த எண்ணெய்கள் மாற்றல்ல.